அப்பா அம்மா பழைய மிஷன் ஊருக்குப் போகணுமாம், ட்ரெயின் ரூட் சொல்லுங்க

நாசரேத்துப்பையன்: அப்பாவும் அம்மாவும் ஜார்க்கண்ட் ராஜ்மகால் மலையில மால்ட்டோ பழங்குடி சனங்க மத்தியில 14 வருஷம் மிஷனரியா இருந்தவங்க, இப்ப அந்த சபையைப் பாத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்காங்க, ஃப்ளைட் வேண்டாமாம் ட்ரெயின்தானாம், அம்மா இப்பவே முறுக்கு சுட ஆரம்பிச்சாச்சு. சென்னையில இருந்து அந்த மலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் சாஹிப்கஞ்ச் எப்படிப் போறது? அப்பாவுக்கு 71, மூட்டுவலி வேற.

ரயில்பைத்தியம்: கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல போங்க ப்ரோ, ஒரு நாளுக்கு மேல ஆகும், ஆனா அது இப்ப கொல்கத்தா பக்கத்து ஹௌரா ஸ்டேஷன் போகாது, ஷாலிமார் ஸ்டேஷனோட சரி, அங்கிருந்து டாக்ஸில ஹௌரா வந்து ராத்திரி ஜமால்பூர் ட்ரெயின் ஏறுனா விடியக்காலையில சாஹிப்கஞ்ச். புக்கிங் 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும். நீங்களும் கூடப் போறீங்கன்னா தனி டிக்கெட் போடுங்க, ஒண்ணா போட்டா அவங்களோட சீனியர் லோயர் பெர்த் கோட்டா போச்சு. சீனியர் கட்டணச் சலுகையெல்லாம் 2020லயே நிறுத்தியாச்சு.

மலைக்காத்து: எங்க சித்தப்பாவும் அங்க இருந்தவர்தான். கொசுவலை கண்டிப்பா எடுத்துக்கோங்க, மலேரியா, காலா அசார் (மணல் ஈ கடிச்சு வர்ற காய்ச்சல்) ரெண்டும் உள்ள ஏரியா. மால்ட்டோவும் நம்ம திராவிட மொழிதான், ஆனாலும் சித்தப்பா திரும்பப் போனப்ப பாதி வார்த்தை மறந்துபோய் முழிச்சாராம், அவர்கிட்ட ஓய்வுநாள் பள்ளியில படிச்ச பொண்ணு, இப்ப ரெண்டு பிள்ளைக்குத் தாய், அவதான் ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுத்தாளாம்.

நாசரேத்துப்பையன்: தனி டிக்கெட் விஷயம் தெரியவே தெரியாது, நன்றிண்ணே. அம்மா கருவாடும் கட்டி வச்சிருக்காங்க, ஏசி கோச்ல அடி விழாம இருந்தா சரி.