'வில்' எங்கே போடணும், எங்கே போடக்கூடாது?

வளவுவாசல்:
எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் ஒரு பழைய நகரத்தார் வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், அங்கே வரவேற்பில் இருக்கிறேன். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். பேசக் கூச்சமெல்லாம் கிடையாது, ஆனால் நான் ஒன்று சொல்ல அவர்கள் வேறொன்று புரிந்துகொள்வதுதான் மனசை உறுத்துகிறது.

போன வாரம் ஒரு வயதான தம்பதி வந்திருந்தார்கள். ஊர்ச் சிவன் கோயில் எத்தனை மணி வரை என்று கேட்டார்கள். 'தி டெம்பிள் வில் க்ளோஸ் அட் ட்வெல்வ்' என்றேன். அந்தம்மா 'ஓ, டுடே?' என்று கேட்டு, இன்றைக்கு ஏதோ விசேஷம் போல என்று நினைத்துக்கொண்டு அவசர அவசரமாகச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். அப்புறம் உள்முற்றத்தைச் சுற்றியிருக்கிற வளவில் நின்று தூண்களைக் காட்டி, 'இன் தோஸ் டேஸ், தி டீக் வில் கம் ஃப்ரம் பர்மா' என்று சொன்னேன். அவர் கணவர் தூணில் வைத்த கையை எடுக்காமலே 'வில் கம்?' என்று திருப்பிக் கேட்டார். அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து தேக்கு வரும். இதைத்தானே சொன்னேன், எங்கே தப்பு?

ஐ, வீ வந்தால் ஷல், மற்றதுக்கெல்லாம் வில், இதுதான் எதிர்காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. இங்கே வருகிறவர்கள் யாரும் அப்படிப் பேசுவதாகத் தெரியவில்லை. 'கோயிங் டு' என்கிறார்கள், 'வீ ஆர் லீவிங் டுமாரோ' என்கிறார்கள். எது எப்போது வரும்? நம்ம பேச்சை வைத்தே யாராவது விளக்குங்கள்.

பழையடீச்சர்:
தங்கச்சி, நான் தேவகோட்டைப் பக்கம் பல வருஷம் இங்கிலீஷ் எடுத்தவள். உங்கள் தப்பு இங்கிலீஷில் இல்லை, நம்ம 'வரும்', 'போகும்', 'சாத்துவார்கள்' என்கிற வினையில் இருக்கிறது. அந்த ஒரு வினை நமக்கு இரண்டு மூன்று வேலை செய்கிறது. 'நாளைக்கு மாமா வருவார்' என்றால் எதிர்காலம். 'மாமா தினமும் காலையில் நடப்பார்' என்றால் வழக்கம். 'அந்தக் காலத்தில் தேக்கு வரும்' என்றால் முடிந்துபோன வழக்கம். மூன்றுக்கும் நம்மிடம் ஒரே உருவம், கேட்கிறவருக்கும் குழப்பமே வராது. இது பேச்சு வழக்கில் வந்த கோளாறும் இல்லை. மூன்று காலத்துக்கும் பொதுவான இயற்கையைச் 'செய்யும்' என்கிற பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே இருக்கிறது. உரைகாரர்கள் அதற்குக் கொடுக்கிற உதாரணம் 'மலை நிற்கும்'. மலை நாளைக்கு நிற்கப் போகிறது என்று யாரும் அதை எடுத்துக்கொள்ள மாட்டோம் இல்லையா!

இங்கிலீஷில் அந்த இடத்தில் சாதாரண நிகழ்காலம்தான். 'தி டெம்பிள் க்ளோசஸ் அட் ட்வெல்வ்.' 'ஹி வாக்ஸ் எவ்ரி மார்னிங்.' பழைய வழக்கம் என்றால் 'யூஸ்டு டு': 'தி டீக் யூஸ்டு டு கம் ஃப்ரம் பர்மா.' அதனால் வாயில் 'வில்' வரும்போது ஒரு நொடி நிறுத்தி, இது நாளைக்கா, தினமுமா என்று உங்களையே கேளுங்கள். தினமும் என்றால் 'வில்' வேண்டாம். முழுக்க வரவே வராது என்று நான் சொல்லவில்லை, 'ஹி வில் சிட் தேர் ஃபார் அவர்ஸ்' என்று ஒருவருடைய சுபாவத்தைச் சொல்ல வெள்ளைக்காரர்களும் போடுவார்கள். ஆனால் அது பழகின பிறகு தானாக வரட்டும்.

இதற்கு நேர் எதிரான தப்பு ஒன்றும் இருக்கிறது, அதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. விருந்தாளி துண்டு கேட்கிறார். நாம் என்ன சொல்வோம்? 'இதோ கொண்டு வர்றேன்.' நிகழ்காலம். அதை அப்படியே 'ஐ ஆம் ப்ரிங்கிங்' என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் 'வில்' வேண்டும்: 'ஐல் ப்ரிங் இட்.' அந்த நிமிஷத்தில் மனசில் தோன்றி, செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தால் 'வில்'. பழைய இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு விரும்புவது என்றுதான் பொருள், அந்த வாசனை இன்னும் போகவில்லை.

காரைக்குடிகைடு:
டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் தரையில் பதிக்கிற ஆத்தங்குடி கல் போடுகிற பட்டறைக்குத் தினமும் ஆள் கூட்டிப் போகிறவன், எனக்குக் கைகொடுத்தது 'போ'தான். 'மழை வரப் போகுது' என்று எப்போது சொல்வோம்? மேகம் கறுத்து, காத்து திரும்பி, கண்ணுக்கு அறிகுறி தெரிஞ்ச பிறகு. 'இட்ஸ் கோயிங் டு ரெயின்.' ஐப்பசியில் மழை வரும் என்று பொதுவாகச் சொன்னால் வேறு. 'வீடு கட்டப் போறேன்' என்றால் ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு, 'ஐ ஆம் கோயிங் டு பில்ட்.' நம்ம மொழியும் அவர்கள் மொழியும் போகிற சொல்லையே எடுத்து எதிர்காலத்துக்கு வைத்திருப்பதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை. பட்டறையில் கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றத் தயாராக ஒருவர் கரண்டியைத் தூக்கி நிற்பார் பாருங்கள், அந்த நேரம் 'ஹி இஸ் கோயிங் டு போர் தி கலர்' என்று மெல்லச் சொல்வேன், எல்லாரும் கேமராவைத் தூக்குவார்கள்.

ஆள் பேசி, நேரம் குறித்து, வண்டி சொல்லியாச்சு என்றால் 'வீ ஆர் லீவிங் அட் நைன்.' நாமும் அப்படித்தானே, 'நாளைக்கு ஒன்பது மணிக்குக் கிளம்புறோம்'. ரயில், பஸ் மாதிரி அட்டவணை என்றால் 'தி ட்ரெயின் லீவ்ஸ் அட் ஃபைவ்', நாளைக்குப் போகிற ரயிலாக இருந்தாலும் சரி.

இடியாப்பம்:
ஷல் பற்றி மட்டும் சொல்கிறேன். ஐ, வீ-க்கு ஷல் என்பது 1653-இல் ஜான் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே இருக்கிற பழைய விதி. இன்றைய பேச்சில் 'ஐ வில்' சொன்னால் யாரும் திருத்தப் போவதில்லை. ஆனால் ஷல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நம்ம 'அட்டுமா'வுக்கு அதுதான் சரியான சொல். 'காபி கொண்டு வரட்டுமா?', 'ஷல் ஐ ப்ரிங் காஃபி?' உங்கள் வேலையில் தினமும் பத்துத் தடவை வரும்.

வளவுவாசல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், இன்னும் ரெண்டு சந்தேகம். 'டிரைவர் வந்தால் சொல்றேன்' என்பதற்கு 'இஃப் தி டிரைவர் வில் கம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், சரியா? அப்புறம் இரவுச் சாப்பாடு இங்கேயா என்று கேட்பது எப்படி? 'வில் யூ ஈட்?' என்று கேட்டால் எனக்கே என்னமோ போல இருக்கிறது.

பழையடீச்சர்:
முதலாவது தப்பு. 'வந்தால்' என்பதை உடைத்துப் பாருங்கள், 'வந்த', 'வந்தான்' என்கிறதில் இருக்கிற அதே 'வந்து'தான் அதிலும் இருக்கிறது. நாளைக்கு வரப்போகிறவரைப் பற்றித்தான் பேசுகிறோம், ஆனால் நாமும் அந்த இடத்தில் எதிர்கால உருவத்தை வைப்பதில்லை. நாம் இறந்தகால உருவத்தைப் போடுகிறோம், அவர்கள் நிகழ்காலத்தைப் போடுகிறார்கள்: 'இஃப் தி டிரைவர் கம்ஸ், ஐல் டெல் யூ.' வென், அன்டில், ஆஃப்டர், எல்லாத்துக்கும் இதே கணக்கு. எப்படியும் வந்துவிடுவார் என்று தெரிந்தால் 'இஃப்' வேண்டாம், 'வென்' போடுங்கள். 'இஃப்' என்று கேட்டால் வண்டி வருமா வராதா என்று அவர்கள் கவலைப்படுவார்கள்.

சாப்பாட்டுக்கு 'வில் யூ பி ஹாவிங் டின்னர் ஹியர் டுநைட்?' என்று கேளுங்கள். சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிற தொனி அதில் இருக்காது, உங்கள் திட்டம் என்ன என்று மரியாதையாகக் கேட்கிற மாதிரி இருக்கும்.

வளவுவாசல்:
முகப்பில் 'ப்ரேக்ஃபாஸ்ட் வில் பி சர்வ்டு ஃப்ரம் செவன் தர்ட்டி' என்று ஒரு பலகை மாட்டியிருந்தது. கீழே தேதியும் இல்லை, ஒன்றும் இல்லை, தினமும் அதே நேரம்தான். நேற்று அதைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'ப்ரேக்ஃபாஸ்ட் இஸ் சர்வ்டு' என்று சாக்பீஸால் எழுதி வைத்தேன். ஆச்சி வந்து பார்த்து, எழுத்து குறைஞ்சிருக்கே என்றார்கள். தினமும் நடக்கிறதுக்கு 'வில்' வேண்டாமாம் ஆச்சி என்று சொன்னேன், சரி என்று பணியாரத்தைப் பார்க்க உள்ளே போய்விட்டார்கள்.

கடைசியாக ஒன்று. திருச்சி விமான நிலையத்துக்குப் போன வண்டியைப் பற்றிக் கேட்டால், 'இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்' என்பதை எப்படிச் சொல்வது?

காரைக்குடிகைடு:
'ஹி வில் ஹாவ் ரீச்ட் தி ஏர்போர்ட் பை நௌ.' இங்கே 'வில்' போடுங்கள், நாம் 'இருப்பார்' போட்டு ஊகம் சொல்கிற மாதிரியே அவர்களும் இதைப் போட்டுத்தான் சொல்கிறார்கள்.