அப்பாவின் கிணற்று நோட்டைத் தொடரலாமா?

மலையடிவாரம் (ஒடுகத்தூர்):

எல்லோருக்கும் வணக்கம். ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஒடுகத்தூர் பக்கம் எங்கள் ஊர். அப்பா 1988 தை மாதத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை காலையும், மோட்டார் போடுவதற்கு முன்னால், கிணற்றில் தண்ணி எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து எழுதி வைத்தார். கயிற்று நுனியில் ஒரு கருங்கல், முழத்துக்கு ஒரு முடிச்சு. 2019இல் அவர் தவறும் வரை எழுதியிருக்கிறார். மொத்தம் ஆறு நோட்டு.

சிக்கல் இதுதான். 1994இல் நார்க்கயிறு போய் நைலான் கயிறு வந்தது. 2003இல் கிணற்றை ஆழப்படுத்தினோம். 2011இல் கைப்பிடிச் சுவரை ஒரு வரிசை கல் உயர்த்தினோம். அவர் அளந்தது சுவர் மேலிருந்துதான். 2019க்கு அப்புறம் யாரும் அளக்கவில்லை. ஒரு அலுவலகத்தில் காட்டியபோது, "முழக் கணக்கு எதுக்கும்மா ஆகும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன், எனக்கு மனசு கேட்கவில்லை. இதைத் தொடர்ந்தால் பயன் உண்டா?

கிணத்துமேடு (அணைக்கட்டு):

நோட்டை விட்றாதீங்கம்மா. எங்க கிணறு எந்த வருஷம் வத்துச்சுன்னு கேட்டா வீட்டுல ஆளுக்கொரு வருஷம் சொல்றாங்க. எழுதி வெச்சவங்க ஒருத்தரும் இல்ல. அக்கம்பக்கத்து நிலத்துல எப்போ போர் போட்டாங்கன்னு விசாரிச்சு அதையும் எழுதிடுங்க.

காட்பாடிக்காரன்:

அம்மா, கட்டாயம் தொடருங்கள். படிப்புக்காக நான் வட இங்கிலாந்தில் நான்கு வருஷம் இருந்தேன். அங்கே பென்னைன் மலைத்தொடரில் மூர் ஹவுஸ் என்று ஒரு இடம். மரம் அரிது, கண்ணுக்கு எட்டிய வரை பீட் நிலம். நர்சரியில் நாம் வாங்கும் கோகோபீட் தென்னை நார்க்கழிவு, இது வேறு. செத்த பாசியும் செடியும் தண்ணீரில் ஊறி, காற்று படாமல், முழுக்க மக்காமல் தேங்கியது. ஒரு மீட்டர் சேர ஏறக்குறைய ஆயிரம் வருஷம் ஆகும். உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குதான் பீட் நிலம், ஆனால் மண்ணிலிருக்கும் கரிமத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் அடங்கியிருக்கிறது. தண்ணி மட்டம் இறங்கினால் காற்று புகும், மக்கும், கரிமம் கிளம்பிவிடும். ஆகவே அங்கேயும் முதல் கேள்வி உங்கள் அப்பா கேட்டதுதான்.

துளை போட்ட பிளாஸ்டிக் குழாய்களைப் பீட்டுக்குள் செருகி வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை தோறும் அளவெடுப்பு. நானும் ஒரு புதன்கிழமை உடன் போனேன். பீட் நிலம் மழைக்கு உப்பும், காய்ந்தால் அமுங்கும். அதனால் குழாய் விளிம்பிலிருந்து தண்ணி வரை ஒரு அளவு, அதே விளிம்பிலிருந்து தரை வரை இன்னொரு அளவு. இரண்டும் இருந்தால்தான் இறங்கியது தண்ணியா தரையா என்று தெரியும். குளிரில் விரல் மரத்துப்போய் நான் இரண்டாவதை விட்டுவிட்டேன். என்னைத் திரும்ப அனுப்பி எடுக்க வைத்தார்கள்.

உங்கள் கைப்பிடிச் சுவரும் அதே கதைதான். ஏற்றிய கல்லின் உயரத்தை அளந்து, 2011க்குப் பிந்தைய எண்களில் கழியுங்கள். பழைய எண்ணின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள், பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி போடுங்கள். ஆழப்படுத்திய பிறகு இறைப்பு கூடியிருக்கும், அதனால் 2003க்கு முன், பின் என்று பிரித்துப் பாருங்கள். அந்தக் கயிறு கிடைத்தால் நனைத்து, கல்லோடு தொங்கவிட்டு, முடிச்சுக்கு முடிச்சு டேப்பால் அளங்கள். அப்பாவின் முழம் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும். இனி ஒரு வருஷம் கயிறு, டேப் இரண்டாலும் அளங்கள். விட்டுப்போன வருஷங்களை ஊகித்து நிரப்ப வேண்டாம், காலியாகவே இருக்கட்டும்.

மூர் ஹவுஸில் 1930களிலேயே கார்டன் மேன்லி என்ற வானிலை ஆய்வாளர் வானிலை அளந்தார். எரிப்பதும் ஆடு மேய்வதும் செடிகொடிகளை என்ன செய்கிறது என்று பார்க்க, 1954இல் ஹார்ட் ஹில் என்ற மேட்டில் பாத்தி பிரித்து எரித்தார்கள்: சில பாத்திகளைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை, சிலவற்றை இருபதுக்கு ஒருமுறை, சிலவற்றை அப்புறம் எரிக்கவேயில்லை. பாதிக்கு ஆடு நுழையாதபடி வேலி. இன்றும் ஆராய்ச்சிக்காரர்கள் அதே பாத்திகளுக்குத்தான் போகிறார்கள்.

நீண்ட கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. அந்த ஓடைத் தண்ணி இளம் டிகாஷன் நிறம், கரைந்த கரிமம்தான் காரணம். பிரிட்டன் மேட்டு நிலங்களில் அந்தப் பழுப்பு வருஷத்துக்கு வருஷம் கூடியபோது, வெப்பம் ஏறுவதால் என்று பலர் நினைத்தார்கள். ஐரோப்பா, வட அமெரிக்கா ஏரி ஓடைகளின் பல வருஷ அளவுகளைச் சேர்த்துப் பார்த்த 2007ஆம் வருஷ ஆய்வு வேறு காரணம் காட்டியது. ஆலைப்புகையின் கந்தகம் குறைந்து அமில மழை தணியவே, மண்ணிலிருந்து கரிமம் எளிதாகக் கரைகிறது. மூன்று வருஷத் திட்டம் ஒன்றுக்கு இது பிடிபட்டிருக்காது.

ஆம்பூர் வாசகன்:

பீட் நம் நீலகிரியிலும் உண்டு. அதிலுள்ள கரிமத்தை வைத்து, 20,000 வருஷத்தில் அங்கே ஈரக்காலமும் வறண்ட காலமும் எப்படி மாறின என்று 1993லேயே ஆய்வு வந்திருக்கிறது. ஊட்டி போகிறவர்கள் அந்தச் சதுப்புகளை மிதிக்காமல் இருந்தாலே புண்ணியம்.

மலையடிவாரம்:

எல்லோருக்கும் நன்றி. கயிறு மாட்டுக் கொட்டாய்ப் பரணில் கிடைத்தது. காட்பாடி அண்ணா சொன்னபடி நனைத்து அளந்தேன். முழம் 47, 48 சென்டிமீட்டர் வருகிறது; கீழிருந்து ஆறாவது மட்டும் 43. ஏன் என்று நோட்டில் தேடினேன். 1996 ஆடியில் "கயிறு அறுந்து கட்டியது" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

ஏற்றிய கல் 19 சென்டிமீட்டர். நேற்று சனிக்கிழமை, மோட்டார் போடும் முன் அளந்தேன். கயிற்றில் பதினொரு முழமும் ஒரு சாணும், டேப்பில் 5 மீட்டர் 41. ஏழாவது நோட்டில் எழுதியாயிற்று. பக்கத்து நிலத்து போரை 2008 என்றும் 2009 என்றும் சொல்கிறார்கள். ரசீது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.