எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் பராமரிப்பு: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் என் தங்கையும், பிறந்து பத்து வாரங்களான அவளுடைய மகனும் என்னுடன் இருக்கிறார்கள். பாலூட்டுவதைத் தவிர குழந்தையின் மற்ற பராமரிப்பு முழுவதும் என் பொறுப்பு. தங்கை கர்ப்பகாலத்திலிருந்தே கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தவறாமல் எடுத்து வருகிறாள். குழந்தைக்கும் தொற்றைத் தடுக்க ஆறு வாரங்கள் நெவிரபின் மருந்து கொடுத்து முடித்துவிட்டோம். ஆறாவது வாரத்தில் செய்த பி.சி.ஆர். பரிசோதனையில் (இரத்தத்தில் வைரஸ் உள்ளதா என்று நேரடியாகப் பார்ப்பது) தொற்று இல்லை என்றே வந்தது.

எனினும் இதை இறுதி முடிவாகக் கொள்ள முடியாது என்றும், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புரதங்கள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள்) 18 மாதங்கள் வரை குழந்தையின் இரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதால் அதற்கு முன் செய்யும் எதிர்ப்புரதப் பரிசோதனையை மட்டும் நம்பக் கூடாது என்றும், பாலூட்டுவதை நிறுத்திய பிறகும் பரிசோதிக்க வேண்டும் என்றும் மருத்துவர் விளக்கினார். காத்திருப்பதுதான் கடினம்.

மற்ற நோய்த்தொற்றுகள் வராமல் தடுக்க இப்போது தினமும் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மருந்தைக் குழந்தை பாதிக்கு மேல் துப்பிவிடுகிறான். இதை எளிதாகக் கொடுக்க நீங்கள் என்ன செய்தீர்கள்? இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பாலுடன் வேறு பாலையோ உணவையோ கலந்து கொடுத்தால் தொற்று பரவும் வாய்ப்பு கூடும் என்பதால் அதைத் தவிர்க்கிறோம். ஆனால் குழந்தை மெலிந்திருப்பதாகச் சொல்லிப் புட்டிப்பால் கொடுக்க வற்புறுத்தும் உறவினர்களிடம், தங்கையின் நிலையை வெளிப்படுத்தாமல் எப்படி மறுப்பது? மருந்தின் அளவு பற்றி மருத்துவரிடமே கேட்டுக்கொள்வேன். உங்களிடம் கேட்பது, இதே நிலையைக் கடந்து வந்த அனுபவத்தை மட்டுமே.