அமெரிக்க லாக்டவுனில் யாருக்கு வேலை போனது, அதில் நிறத்துக்குப் பங்கு உண்டா? நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

எடிசன்வாசி:
2020 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி நான் செஞ்ச முதல் காரியம், வீடு சுத்தம் பண்ண வர்ற அம்மாவுக்கு மெசேஜ் போட்டதுதான். "அடுத்த ரெண்டு வாரம் வர வேண்டாம்." அதை ஸ்பானிஷ்ல மாத்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அவங்க குவாத்தமாலாக்காரங்க, இங்கே நியூஜெர்சியில பெர்த் ஆம்பாய்ல குடியிருக்காங்க. பதினொரு வீட்டுல சுத்தம் பண்ற வேலை இருந்தது. பாதி நம்ம ஆளுங்க வீடு, ஒருத்தர் சொல்லி ஒருத்தர் சேர்ந்தது. பதினொரு வீட்லேருந்தும் ஒரே வாரத்துல அதே மெசேஜ் போயிருக்கு.

ஆகஸ்ட்ல திரும்ப வந்தாங்க. உள்ளே வரலாமான்னு தெரியாம, பக்கெட்டைக் கையில பிடிச்சபடி வாசல்லயே நின்னாங்க. கூட வந்த பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். அவதான் அம்மா சொல்றதை இங்கிலீஷ்ல சொன்னா. மூணு மாச வாடகை பாக்கி. கேஷ்ல வாங்குற கூலிக்கு எந்தக் காகிதமும் கிடையாது, அதனால வேலை போனவங்களுக்கு அரசு குடுக்கிற அன்எம்ப்ளாய்மென்ட் பணமும் இல்லை. மார்ச் 27-ல வந்த கேர்ஸ் சட்டம்கிற கொரோனா நிவாரணச் சட்டத்துல ஆளுக்கு 1,200 டாலர் குடுத்தாங்களே, அதுவும் வரலை. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாம, அது இல்லாதவங்க வரி கட்டறதுக்குன்னு குடுக்கிற ஐடின் எண் வச்சு வருஷா வருஷம் வரி கட்டுறவங்க அவங்க. வரியை மட்டும் வாங்கிக்கிட்டாங்க. இங்கேயே பொறந்த இந்தப் பொண்ணுக்குன்னு வரவேண்டிய 500 டாலரும் கிடையாது. "எனக்கும் கிடைக்கலை"ன்னு அவளே மொழிபெயர்த்துச் சொன்னப்போ எங்க பார்க்கிறதுன்னு எனக்குத் தெரியலை.

110 டாலர் வாங்கிட்டிருந்தவங்க, 90 குடுத்தா போதும்னாங்க.

பிளேனோ தம்பி:
அக்கா, அந்தச் செக் எங்களுக்கும் வரலை. என் மனைவி எச்4, அதாவது என் வேலை விசாவைச் சார்ந்து வந்த விசா, அவளுக்கும் ஐடின்தான். சேர்ந்து டாக்ஸ் ஃபைல் பண்ணினதால எனக்கும் சேர்த்து இல்லைன்னுட்டாங்க. டிசம்பர்லதான் அதைத் திருத்தினாங்க. அடி எல்லாருக்கும்தான் விழுந்தது. இதுல நிறம் எங்கே வந்தது?

எடிசன்வாசி:
செக் வரலை, சரி. சம்பளம் நின்னுச்சா தம்பி?

குயின்ஸ்லேருந்து:
நியூயார்க் ஜாக்சன் ஹைட்ஸ்ல எனக்குப் புருவம் எடுக்கிறவங்க நேபாளத்துக்காரங்க. மாசச் சம்பளம் கிடையாது, எத்தனை முகமோ அத்தனைக்குக் கமிஷன். ஜூலைலதான் கடையைத் திறக்கவே விட்டாங்க. அப்பவும் வாடிக்கையாளர் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, அதனால மேலுதட்டு முடி எடுக்க முடியாது. பாதி வருமானம் அதுலதான். இன்னொரு சிக்கல், நூலோட ஒரு முனையைப் பல்லுல கடிச்சுத்தானே இழுப்பாங்க? மாஸ்க் போட்டா கடிக்க முடியாது. கழுத்துல கட்டிக்கிட்டு இழுக்கப் பழகினாங்க. நான் போன அன்னைக்குக் கழுத்துல சிவப்பா ஒரு கோடு. பதினஞ்சு வருஷமாப் பல்லும் கையும் சேர்ந்து செஞ்ச வேலையை நாப்பது வயசுக்கு மேல புதுசாக் கத்துக்கிட்டாங்க.

2021-ல நியூயார்க் மாநிலம், எந்த உதவியும் கிடைக்காத தொழிலாளர்களுக்குன்னு 210 கோடி டாலர் நிதி ஒதுக்கினது. அதிகபட்சம் 15,600 டாலர் கிடைக்கும். அதுக்கு வேலை செஞ்சதை நிரூபிக்கணும். முதலாளி கடிதம் குடுக்கப் பயந்தாரு. அக்டோபர்லயே பணம் தீர்ந்து விண்ணப்பத்தை மூடிட்டாங்க. இவங்க கடிதத்துக்காக அலைஞ்சுக்கிட்டே இருந்தாங்க.

சார்லட்காரி:
நிறம் எங்கே வந்ததுன்னு கேட்டீங்களே தம்பி, 2020 ஏப்ரல் கணக்கைப் பாருங்க. மொத்த வேலையின்மை 14.7 சதவீதம். லத்தீன் பெண்களுக்கு மட்டும் 20-ஐத் தாண்டினது. ஓட்டல், கடை, டேகேர், வீட்டு வேலைன்னு லேப்டாப்ல அள்ளிக்கிட்டுப் போக முடியாத வேலையில யார் இருக்காங்களோ அவங்களுக்குத்தான் முதல்ல போச்சு.

என் பையனோட டேகேர் டீச்சர் கறுப்பினப் பெண், ரெண்டு பிள்ளைங்களைத் தனியா வளர்க்கிறவங்க. அவன் வாய்ல முதல்ல வந்த இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் அவங்க குரல்லதான் வரும். அந்தக் கோடையில சென்டர் திறந்தப்போ வேலைக்கு வரச் சொன்னாங்க. ஆனா அவங்க பிள்ளைங்களுக்கு ஸ்கூல் ஆன்லைன்ல. என் பிள்ளையைப் பார்த்துக்க அவங்க வந்தா, அவங்க பிள்ளைங்களை யார் பார்ப்பா? வேலையை விட்டுட்டாங்க. இதுல ஒரு விஷயம் இருக்கு. வேலை தேடாதவங்க வேலையின்மைக் கணக்குல வரவே மாட்டாங்க. சதவீதம் குறைஞ்சதுன்னு டிவியில சொன்னப்போ, அவங்களை மாதிரி ஆளுங்க கணக்குலேருந்து வெளியே போனதும் அதுல சேர்த்தி.

அந்த டிசம்பர்ல, முதல்ல வெளிவந்த கணக்குப்படி, நாடு முழுக்க வேலைவாய்ப்பு 1,40,000 குறைஞ்சது. பெண்கள் இழந்தது 1,56,000, ஆண்களுக்கு 16,000 கூடினது. வெள்ளைக்காரப் பெண்களுக்கு அந்த மாசம் மொத்தத்துல கூடித்தான் இருந்தது. அப்போ போனது யாருக்குன்னு பார்த்துக்கோங்க.

எனக்கும் ஈஏடி, அதாவது வேலை அனுமதி அட்டை, புதுப்பிக்கிறது இழுத்தடிச்சு, 2021-ல நாலு மாசம் வேலை இல்லாம இருந்தேன். அழுதேன், மறைக்கலை. ஆனா வீட்டுக்காரர் சம்பளம் வந்துக்கிட்டிருந்தது, வாடகை தவறலை.

பிளேனோ தம்பி:
என் சம்பளமும் நிக்கலை, ஒத்துக்கிறேன். ஒண்ணு ஞாபகம் வருது. நாங்க ஞாயித்துக்கிழமை போற டைனர்ல மெக்சிகோ அம்மா ஒருத்தங்க பரிமாறுவாங்க. டெக்சாஸ்ல டிப்ஸ் வாங்குறவங்களுக்கு அடிப்படைக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லேருந்து அதே தொகைதான். மிச்சமெல்லாம் நம்ம மேசைல வைக்கிறது. மறுபடி திறந்தப்போ கால்வாசி மேசைதான். மாஸ்க் போடச் சொல்ற வேலையும் அவங்க தலையில. அப்படிச் சொன்னதுக்காகச் சிலர் டிப்ஸ் வைக்காமப் போனதை நானே பார்த்தேன்.

சார்லட்காரி:
எடிசன் அக்கா, ஒண்ணு கேட்கலாமா? அந்த அஞ்சு மாசம் அவங்களுக்குப் பணம் ஏதாவது அனுப்பினீங்களா?

எடிசன்வாசி:
கேட்பீங்கன்னு தெரியும். ரெண்டு தடவை அனுப்பினேன், ஸெல்ங்கிற பணம் அனுப்புற ஆப் வழியா. மூணாவது தடவை "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்"னு விட்டேன், அப்படியே நின்னு போச்சு. அந்த ஜூன்லதான் வீட்டுப் பின்பக்க டெக்கை, அதான் அந்த மரத் தளத்தை, பிரிச்சுப் புதுசாக் கட்டினோம். ஆகஸ்ட்ல அந்தப் பொண்ணு அதுலதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினா. 90 இல்லை, பழைய 110-ஐயே குடுத்தேன்.