வீழ்படிவு: திண்மத்துக்குள் எது வீழ்கிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து:
எண்ணூர், மணலி பட்டறைப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 4 விழுக்காடு செம்பு கலந்த அலுமினியத்தை 540 டிகிரியில் ஊறவிட்டு, சட்டென்று தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு 130 டிகிரியில் வைத்தால் உள்ளே செம்பு திரண்டு ஓரணுத் தடிமன் வில்லைகளாகும். 1938இல் கினியேவும் பிரெஸ்டனும் தனித்தனியே எக்ஸ் கதிர்ச் சிதறலில் கண்டவை. கரைசலிலிருந்து பிரிந்து அடியில் வீழும் திண்மத்தைச் சொல்வதுபோல் இவற்றையும் ‘வீழ்படிவு’ (பிரெசிபிடேட்) என்றால் பையன்கள் “எங்கே சார் வீழுது?” என்கிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.

ராயபுரத்திலிருந்து:
‘உறைமணி.’ உறைதல் கெட்டியாதல். தங்குதலும் உறைதல்தான், உறைவிடம் பாருங்கள். பாலுக்கு ஊற்றும் உறையும் அதே வேர். வாளின் உறைக்கும் இதற்கும்கூட...

தண்டையார்பேட்டையிலிருந்து:
வாள் வேண்டாம் ஐயா. உறைநிலை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, குழம்பும்.

பெரம்பூரிலிருந்து:
‘உறை’யை விட ‘மணி’தான் ஆபத்து. சிறுகோணச் சிதறலில், அதாவது நேர்க்கதிரை ஒட்டிய சிறு கோணங்களில் சிதறும் எக்ஸ் கதிரை அளக்கையில், செறிவின் இயல் மடக்கையைச் சிதறல் திசையனின் (சிதறல் கோணத்தோடு கூடும் அளவு) இருமடிக்கு எதிரே வரைகிறோம். சாய்வை மூன்றால் பெருக்கி, குறியை நீக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுழற்சி ஆரம், துகளின் அளவைக் காட்டும் எண். அதை 1.29ஆல் பெருக்கினால் கோளத்தின் ஆரம். வெள்ளி கலந்த அலுமினியத்துக்குச் சரி, அங்கே உருண்டைகள். செம்பில் வில்லை! ‘மணி’ என்று படித்தவன் கண்ணை மூடிக்கொண்டு 1.29 போடுவான்.

கையேட்டில் இதையும் சேருங்கள்: செம்பு இலக்குள்ள எக்ஸ் கதிர்க் குழாயின் கதிருக்கு மாதிரி சுமார் 75 மைக்ரான் தடிமன் போதும், கூடினால் கதிரை உலோகமே விழுங்கிவிடும். தேய்க்கும்போது சூடேற விடாதீர்கள், அளக்க வந்ததே அங்கே வளர்ந்துவிடும். கீறலும் கூடாது, அதுவும் சிறுகோணத்தில் சிதறும். மக்னீசியம், சிலிக்கான் கலந்த அலுமினியத்தைக் காட்டி விளக்க வேண்டாம். அணு எண் 12, 13, 14. எக்ஸ் கதிருக்கு மூவரும் ஏறக்குறைய ஒரே முகம்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
அப்படியானால் ‘பிரிதுகள்’? வடிவம் எதையும் சொல்லவில்லை.

ராயபுரத்திலிருந்து:
வினைத்தொகை. பிரிந்த துகளா, பிரியும் துகளா? துகளே இரண்டாகப் பிளப்பது போலவும் கேட்கும்.

பெரம்பூரிலிருந்து:
‘வீழ்படிவு’ம் வினைத்தொகைதான், யார் செத்தார்கள்? பட்டறையில் எப்படியும் ‘பிரெசிபிடேட்’ என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
மூன்று பேர் ‘வீழ்படிவு’ போதும் என்று தனியே எழுதிவிட்டார்கள். தலைப்பில் அதுவே, முதல் பக்க அடிக்குறிப்பில் ‘பிரிதுகள்’.

ராயபுரத்திலிருந்து:
‘உறை’க்கே என் வாக்கு, பதிவு செய்யவும். அது கிடக்கட்டும், ‘சுழற்சி ஆரம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே எது சுழல்கிறது?