குழாயடிச் சண்டை: ஜார்ஜியாவுக்கு வரும் எரிவாயு இலவசமா?

வரவுசெலவு:
பக்கத்து இழையில் தென்காற்று அவர்கள் உதிர்த்த முத்து இது: "அசர்பைஜான் இலவசமாக எரிவாயு கொடுத்துத்தான் ஜார்ஜியாவை வாழவைத்தது." இலவசமாம்! காலையில் படித்தேன், மாலை வரை எரிச்சல் அடங்கவில்லை. அசர்பைஜான் தலைநகர் பாகு பக்கமிருந்து ஜார்ஜியத் தலைநகர் திபிலிசி வழியாகத் துருக்கியின் எர்சுரும் வரை போகும் தெற்குக் காகசஸ் குழாயின் நீளம் ஏறத்தாழ 690 கிலோமீட்டர். அதில் சுமார் 250 கிலோமீட்டர் ஜார்ஜிய மண். அந்த மண்ணைக் குழாய்க்கு விட்டதற்கு ஈடாக, ஓடுகிற வாயுவில் 5 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும் உரிமை ஜார்ஜியாவுக்கு உண்டு. அது போக ஆண்டுக்கு 50 கோடி கன மீட்டர் சலுகை விலையில் கிடைக்கும். வாடகைக்கு இலவசம் என்று பெயர் வைத்த முதல் ஆள் நீங்கள்தான்.

தென்காற்று:
என் பெயரில் இழை தொடங்கிய பெருமைக்கு நன்றி. காசு வாங்காமல் கொடுத்தால் எங்கள் ஊரில் அதற்கு இலவசம் என்றுதான் பெயர். 2006 ஜனவரி 22 நினைவிருக்கிறதா? வடக்கு ஒசேத்தியாவில் ரஷ்யக் குழாய் வெடித்து, கடுங்குளிரில் திபிலிசி விறைத்துப்போனது. அப்போது கை கொடுத்தது யார்? பாகு. மறு ஆண்டு ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் ஆயிரம் கன மீட்டருக்கு 110 டாலராக இருந்த விலையை 235 ஆக்கியபோது ஜார்ஜியா பிழைத்தது யாரால்? கணக்குப் புத்தகத்தில் நன்றிக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள் ஐயா.

வரவுசெலவு:
கை கொடுத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அசர்பைஜானே காஸ்ப்ரோமிடம் வாயு வாங்கிக்கொண்டிருந்தது. 2007 தொடக்கத்தில், விலை கட்டுப்படியாகவில்லை என்று அவர்களும் வாங்குவதை நிறுத்தினார்கள். ஆற்றிலே போகிற தண்ணீர், ஐயா குடி, அம்மா குடி என்ற கதைதான். ஐந்து சதவீதத்துக்கு வாருங்கள். அது வாடகையா, இல்லையா?

திபிலிசி அப்பா:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகள் திபிலிசியில் மருத்துவம் படித்தாள். இரண்டு குளிர்காலம் நானும் அங்கே போய் இருந்தேன். எரிவாயு இல்லாவிட்டால் அந்த வீட்டில் சமையலும் இல்லை, வெந்நீரும் இல்லை, அறையில் சூடும் இல்லை. டிசம்பர் மாதக் கட்டணச் சீட்டைக் கட்டியவன் நான். அதில் இலவசம் என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

வரவுசெலவு:
கேட்டுக்கொள்ளுங்கள் தென்காற்று! சாட்சி தானாகவே வந்துவிட்டது.

தென்காற்று:
நாட்டுக்கு நாடு கொடுப்பதைப் பேசினால் வீட்டு அடுப்பைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். திபிலிசி அப்பா மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறாரே, அவர்மேல்தான்.

மெய்யெழுத்து:
எல்லோரும் ஜார்ஜியா, ஜார்ஜியா என்று எழுதுவது கண்ணை உறுத்துகிறது. சியார்சியா என்று எழுதுவதே தமிழ் மரபு. அசர்பைசான் என்றும் எழுதலாம்.

பழைய பாக்கி:
வந்துவிட்டார். சியார்சியர்கள் தங்கள் நாட்டைச் சகார்த்வேலோ என்கிறார்கள், மெய்யெழுத்து. அதை எழுதிக் காட்டுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன். போன ஆண்டு எஸ்தோனியா இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள். முந்நூறு பதிவுக்குப் பிறகும் எஸ்தோனியாவின் எழுத்துக்கூட்டலைத் தவிர வேறு எதுவும் பேச முடியவில்லை.

மெய்யெழுத்து:
அந்த இழையில் கடைசிவரை எனக்குப் பதில் சொல்லாமல் ஓடியவர் நீங்கள்.

வரவுசெலவு:
எழுத்துச் சண்டைக்கு வேறு திண்ணை பாருங்கள். தென்காற்று மறந்துவிட்ட வரைபடத்தை நான் விரிக்கிறேன். அசர்பைஜானின் எண்ணெயும் வாயுவும் இருப்பது காஸ்பியனில். அந்தக் கடலுக்கு வெளியே வழி கிடையாது. வடக்கே ரஷ்யா, தெற்கே ஈரான், மேற்கே ஆர்மீனியா. கராபாக் போரால் ஆர்மீனிய எல்லை அடைபட்டுக் கிடந்தது. மிச்சமிருந்த ஒரே வாசல் ஜார்ஜியா. அதனால்தான் 1999-ல் ஜார்ஜியாவின் கருங்கடல் துறைமுகம் சுப்சாவுக்கு எண்ணெய்க் குழாய். 2006-ல் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்கு எண்ணெய்க் குழாய், மொத்தம் 1,768 கிலோமீட்டர், அதிலும் 249 கிலோமீட்டர் ஜார்ஜியாவில். வாசல் கதவை வைத்திருப்பவனுக்குக் கொடுக்கிற பங்கைப் பிச்சை என்றா சொல்வது?

தென்காற்று:
பிச்சை என்று நான் எங்கே சொன்னேன்? இலவசம் என்றேன். சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. வாசல், வாசல் என்கிறீர்களே, 2008 ஆகஸ்டில் ரஷ்யப் படை நுழைந்தபோது வாசல் என்ன ஆயிற்று? சுப்சா குழாயை மூடினார்கள். காஸ்பி என்ற ஜார்ஜிய ஊர் அருகே ரயில் பாலம் வெடித்துச் சாய்ந்தது. அத்தனைக்கும் பிறகு பாகு அந்த வழியைக் கைவிடவில்லை. துருக்கியின் கார்ஸ் வரை போகும் ரயில் பாதைக்கு 2007-லேயே ஜார்ஜியாவுக்குக் கொடுத்தது 22 கோடி டாலர் கடன், வட்டி ஒரு சதவீதம், திருப்பித்தர 25 ஆண்டு. எந்த வங்கி தரும் சொல்லுங்கள்?

வரவுசெலவு:
அந்தப் பாதை இல்லாமல் ஆர்மீனியாவைச் சுற்றிக்கொண்டு துருக்கிக்குப் போக அசர்பைஜானுக்கு வேறு தடம் ஏது? தன் வண்டி ஓடத் தானே போட்ட சாலை அது. அதோடு, ஒரு சதவீதமானாலும் வட்டி வட்டிதான். இலவசம் என்று சொல்ல உங்களுக்கு எதுவும் அகப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

பழைய பாக்கி:
இருவரும் பாகுவை ஏதோ மளிகைக்கடை அண்ணாச்சி போல எழுதுகிறீர்கள். தாவித் கரேஜா மடாலயம் பற்றி ஒரு வரி உண்டா? ஆறாம் நூற்றாண்டு மடம். அதன் ஒரு பகுதி இன்றும் எல்லைக்கு அப்பால் அசர்பைஜானில் சிக்கிக் கிடக்கிறது. வாயுக்குழாய் இருக்கிறதே என்பதால்தான் திபிலிசி குரலை உயர்த்துவதில்லை. இது என் கருத்து, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

தென்காற்று:
சண்டைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கல்லை எறிகிறவர் நீங்கள். மடாலயத்துக்கும் எரிவாயுவுக்கும் என்ன தொடர்பு?

பழைய பாக்கி:
தொடர்பு தெரியாதவர் உறவு பற்றிப் பாடம் எடுக்கிறார்.

வரவுசெலவு:
மடாலயத்தைப் பிறகு பார்க்கலாம். தென்காற்றுக்கு இன்னொரு கேள்வி. ரஷ்ய வாயு ஆர்மீனியாவுக்குப் போவதும் ஜார்ஜியா வழியாகத்தான். பல ஆண்டுகள் அதில் பத்தில் ஒரு பங்கை ஜார்ஜியா வாயுவாகவே எடுத்துக்கொண்டது. 2017-ல் அதைப் பணமாக மாற்றி ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பத்து சதவீதம் மாஸ்கோவின் தானமா? அது வாடகையென்றால் இந்த ஐந்தும் வாடகை. அது தானமென்றால், ஜார்ஜியாவுக்கு பாகுவைவிட இரண்டு மடங்கு வள்ளல் மாஸ்கோ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்!

திபிலிசி அப்பா:
அந்தப் பேச்சுவார்த்தையை நடத்திய அமைச்சர் காகா கலாட்சே, கால்பந்து வீரர். ஏசி மிலான் அணியில் ஆடியவர். பிறகு திபிலிசி மேயரானார். என் மகளின் வீட்டுக்கார அம்மாள் அவரைத் திட்டாத நாளில்லை.

மெய்யெழுத்து:
மிலான் அல்ல, மிலன்.

தென்காற்று:
ரஷ்யாவோடு பாகுவை ஒரே தட்டில் வைக்கிறார் பாருங்கள். திபிலிசியில் இறங்கியதும் கண்ணில் படும் பெட்ரோல் நிலையம் யாருடையது? சோகார், அசர்பைஜான் அரசின் எண்ணெய் நிறுவனம். கருங்கடலில் குலேவி முனையம் யாருடையது? அதே சோகார். முதலீடு, வேலை, வரி எல்லாம் வருகிறது. இதெல்லாம் வாடகையா?

வரவுசெலவு:
அதெல்லாம் வியாபாரம். லாபம் பார்க்கிற கடையைக் காட்டி அன்னதானம் என்கிறீர்கள். ஜார்ஜியாவை ஒன்றுமில்லாத வீடு என்றும் நினைத்துவிடாதீர்கள். எங்குரி அணை 271 மீட்டருக்கு மேல் உயரம். கோடையில் பனி உருகினால் அவர்களிடம் வெளியே விற்கும் அளவுக்கு மின்சாரம் இருக்கும். குளிர்காலத்தில்தான் ஆறு மெலிந்து வாயு தேவைப்படுகிறது.

பழைய பாக்கி:
அணை ஜார்ஜியா கையில், மின் நிலையம் ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியா கையில். அதைச் சொல்ல மறந்துவிட்டீர்களா, மறைத்துவிட்டீர்களா?

வரவுசெலவு:
மறைக்கவில்லை, ஐந்து சதவீதத்துக்கும் அப்காசியாவுக்கும் சம்பந்தமில்லை என்று விட்டேன்.

பழைய பாக்கி:
உங்களுக்குச் சாதகமில்லாத எதுவும் சம்பந்தமில்லாததுதான். எஸ்தோனியா இழையிலும் அப்படித்தான்.

தென்காற்று:
நான் கடைசியாகச் சொல்கிறேன். காசு கேட்கவில்லை, கொடுத்தார்கள். இலவசம்.

வரவுசெலவு:
இடத்தைக் கேட்டார்கள், வாங்கிக்கொண்டார்கள். வாடகை.

தென்காற்று:
இலவசம்.

வரவுசெலவு:
நீங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் சொல்லுங்கள், இலவசமாகவே குடிவருகிறேன். சாப்பிட்டுவிட்டு வந்து இந்த வாயு வருகிற காஸ்பியன் வயலான ஷா டெனிஸ் கூட்டமைப்பில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதுகிறேன். அதற்குள் நழுவிவிடாதீர்கள்.

மெய்யெழுத்து:
சா தெனிசு.