‘வாக்’ எப்போது வினை, எப்போது பெயர்?

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளோடு ஆங்கில இலக்கணப் பயிற்சிக்கு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லை அடிக்கோடிட வேண்டும். ‘வீ வென்ட் ஃபார் எ வாக்’ என்பதில் ‘வாக்’குக்குக் கீழே கோடு போட்டாள். “நடக்கிறது செயல்தானே அப்பா?” என்றாள். ‘ஐ ஹேவ் டூ பென்ஸ்’ என்பதில் யாரும் எதுவும் செய்யவில்லையாம், அதனால் வினையே இல்லையாம். ‘திஸ் இஸ் மை ஹவுஸ்’ என்பதையும் அப்படியே விட்டுவிட்டாள்.

அவள்மேல் தப்பில்லை. செயலைக் குறிப்பது வினை என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தமிழில் ‘நடந்தோம்’ என்றால் காலமும் ஆளும் சொல்லிலேயே தெரிகின்றன. ‘நடை’ என்றால் பெயர். ‘இது என் வீடு’ என்பதற்கு வினையே வேண்டாம். ஆங்கிலத்திலோ ஒரே ‘வாக்’ இரண்டாகவும் வரும். அது நிற்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அப்போது எனக்குக் கைகொடுத்தது தொல்காப்பியம். வினை வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்கிறது வினையியலின் முதல் நூற்பா. சரி, காலத்தை மாற்றிப் பார் என்றேன். நேற்று நடந்ததை நாளைக்குக் கொண்டுபோனால் ‘வீ வில் கோ ஃபார் எ வாக்’. ‘வென்ட்’ மாறிவிட்டது, ‘வாக்’ அப்படியே இருக்கிறது. ‘ஹேவ்’ நேற்றைக்குப் போனால் ‘ஹேட்’, ‘இஸ்’ போனால் ‘வாஸ்’. மூன்று வினைகளுக்கும் அவளே கோடு போட்டாள்.

அப்புறம் ‘அடி’யைச் சொன்னேன். ‘பந்தை அடி’ என்றால் வினை, ‘அடி வாங்கினான்’ என்றால் முதனிலைத் தொழிற்பெயர், அதாவது வினையின் வேர்ச்சொல்லே மாறாமல் பெயராக நிற்பது. ‘வாக்’கும் அந்த மாதிரிதான், முன்னால் நிற்கும் ‘எ’ காட்டிக்கொடுக்கிறது என்றதும் அவள் முகம் தெளிந்தது. தமிழ் இலக்கணமும் ஆங்கில இலக்கணமும் ஒன்றையொன்று பார்க்காமலே வகுப்பில் நடக்கின்றன. அது எவ்வளவு பெரிய இழப்பு!

* * *

அண்ணா, நான் டியூஷன் எடுக்கிறேன். காலத்தை மாற்றிப் பார்ப்பது நல்ல வழி. ஆனால் ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’ வந்தால் பிள்ளைகள் திகைத்துப்போவார்கள். இன்றும் ‘கட்’, நேற்றும் ‘கட்’. அங்கே நான் ஆளை மாற்றச் சொல்வேன். ‘ஐ கட்’ என்பது ‘ஹீ கட்ஸ்’ ஆகிவிடும். ‘ஸ்விம்மிங் இஸ் குட்’ என்பதில் ‘ஸ்விம்மிங்’கைத்தான் வினை என்பார்கள். தமிழில் சொல்லுங்கள் என்றால் ‘நீந்துதல் நல்லது’ என்பார்கள். சொன்ன வேகத்திலேயே “டீச்சர், தொழிற்பெயர்!” என்று யாராவது கத்துவார்கள்.

* * *

செய்தி மொழிபெயர்ப்பு என் வேலை. ஆங்கிலத் தலைப்புகளில் ‘எ’, ‘தி’, ‘இஸ்’ எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். நமக்குப் பிடிமானமே போய்விடும். 2009இல் ‘ஜப்பான் டுடே’ செய்தித் தளத்தில் வந்த ஒரு தலைப்பு: ‘வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜால் க்ராஷ் பிளாஸம்ஸ்’. முதல் தடவை படித்தபோது ‘க்ராஷ் பிளாஸம்ஸ்’ ஏதோ பூ வகை என்றே நினைத்தேன். 1985இல் 520 பேர் இறந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் (சுருக்கமாக ‘ஜால்’) விபத்தில் தந்தையைப் பறிகொடுத்த பெண், வயலின் கலைஞராக மலர்ந்து வருகிறார் என்பதுதான் செய்தி. கடைசியில் நிற்கும் ‘பிளாஸம்ஸ்’தான் முற்று, அதாவது வாக்கியத்தை முடிக்கும் வினை. ‘லிங்க்ட்’ எச்சம்தான், முடியாமல் பெயரோடு ஒட்டி நிற்கும் வினை. இந்த மாதிரி தடுமாற வைக்கும் தலைப்புகளுக்கே ஆங்கிலத்தில் ‘க்ராஷ் பிளாஸம்’ என்று பெயர் வந்துவிட்டது.

இப்போதெல்லாம் ‘லிங்க்ட்’ போன்ற சொல் வந்தால் உடனே அதை முற்றாக எடுத்துக்கொள்வதில்லை. ‘விபத்தோடு தொடர்புடைய வயலின் கலைஞர்’ என்று பெயரோடு ஒட்டவைத்துப் பார்க்கிறேன். ஒட்டினால், வாக்கியத்தின் வினை இன்னும் தள்ளி எங்கேயோ நிற்கிறது என்று தேடிக்கொண்டு போவேன்.